இத்தா வீட்டில் விருந்தாளிகள்

டிசம்பர் 3, செவ்வாய்

மழை ஒருவழியாக விட்டது. சுபஹ் தொழுதுவிட்டு ஜன்னலைத் திறந்தேன். கடல் இன்னும் கலங்கித்தான் கிடக்கிறது. என் மனுசன் இருந்திருந்தால் இந்நேரம் கரைக்குப் போய், மீன்பிடிப் போட்டை மேலே இழுத்துக் கட்டவில்லையென்று இரண்டு பேரோடு சண்டை பிடித்துவிட்டு வந்திருப்பார். வந்து என்னிடமும் ஒரு சண்டை. அதற்குப் பிறகுதான் தேநீர் இறங்கும்.

ஒக்டோபர் தொடக்கத்தில் அவர் மௌத்தானார். இந்த அறையில், இந்தக் கட்டிலில். நாலு மாதமும் பத்து நாளும் இத்தா. வெள்ளை உடுத்திக்கொண்டு, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், அவரோடு வாழ்ந்த வீட்டிலேயே இருந்து முடிக்க வேண்டும். பெப்ரவரியில் முடியும். முதலில் மூச்சு முட்டியது. இப்போது அதற்கும் ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. சுபஹுக்குப் பிறகு யாசீன் ஓதல். பிறகு மகள் ஷிம்லா கொண்டுவரும் பாலில்லாத பிளேன்ரீ. பிறகு ஜன்னலோரக் கதிரை. பின்னேரம் அஸருக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து ஊர்க்கதை சொல்லிவிட்டுப் போவார்கள். மர்ஸூக்கின் பெண்சாதியாக முப்பத்தைந்து வருடம் ஓடிய ஓட்டத்தில் இப்படி உட்கார்ந்ததே இல்லை. இதைச் சொல்லிச் சிரிக்க அவர்தான் இல்லை.

இன்றைக்கு ஷிம்லா தேநீரோடு ஒரு கதையும் கொண்டுவந்தாள். "உம்மா, லீவு துவங்கிட்டு. நம்மட ஆலங்குடாவில எல்லாரும் வாற ஆக்களுக்கு வாடகைக்கு ரூம் குடுக்கிறாங்க. முன்னறை ரெண்டையும் குடுத்தா என்ன? உங்கட பக்கம் ஒருத்தரும் வரமாட்டாங்க."

மகள் கேட்கிறாள். வீடும் அவளுடைய கலியாணத்துக்கு அவள் பேருக்கே எழுதியது. எங்கள் ஊரில் அப்படித்தான். நான் என்ன சொல்ல? சரி என்றேன்.

டிசம்பர் 5

முன்னறைகளுக்கு நீலப் பெயின்ற். அதன் மணத்தில் எனக்குத் தலையிடி.

டிசம்பர் 8, ஞாயிறு

நேற்று முதல் ஆட்கள் வந்தார்கள். கண்டிப் பக்கத்துக் குடும்பங்கள் இரண்டு. மருமகன் நஜாத் அவர்களை விடிய என் மனுசனுடைய போட்டில் ஏற்றிக்கொண்டு போய் டொல்பின் காட்டினான். கூட்டம் கூட்டமாகத் துள்ளியதாம். அவர் டொல்பினைக் கண்டால் வாயில் வராததெல்லாம் ஏசுவார், வலையைக் கிழிக்கிற சாமான் என்று. இப்போது அதுதான் சோறு போடுகிறது.

ஹோலில் ஆண்கள் இருக்கிறார்கள். ஹோலைத் தாண்டாமல் குசினிக்குப் போக முடியாது. ஆகவே அறைக்குள்ளேயே கிடந்தேன். என் பிளேன்ரீ வரும்போது வெயில் ஏறிவிட்டது. ஷிம்லா பாவம், அத்தனை பேருக்கும் ரொட்டி சுட வேண்டுமே. பக்கத்து வீட்டுப் பெண்களும் வரவில்லை. முற்றத்தில் ஆண்கள் அரைக்காற்சட்டையோடு திரிந்தால் அவர்கள் எப்படி வருவார்கள்?

சுபஹுக்குப் பிறகு ஓதிக்கொண்டிருந்தபோது ஷிம்லா கதவை மெதுவாகத் தட்டினாள். "உம்மா, கொஞ்சம் மெல்ல ஓதுங்க. ஆக்கள் நித்திரை."

மெல்ல ஓதினேன்.

டிசம்பர் 10

போய்விட்டார்கள். கிணற்றடியில் பியர் டின்கள். நஜாத்திடம் கேட்டேன். "நாம குடுக்கல்ல மாமி. அவங்க கொண்டு வாறத்த நான் எப்பிடித் தடுக்கிற?" என்றான். அவன் சாக்கில் போட்டுக் கட்டினான். நான் ஜன்னலைச் சாத்தினேன். மர்ஸூக்கின் வீட்டுக் கிணற்றடி!

டிசம்பர் 15, ஞாயிறு

நேற்றுப் பின்னேரம் ஆட்கள் கடற்கரைக்குப் போன நேரம் பார்த்து குசினிக்குள் வந்துவிட்டேன். ஷிம்லா நண்டுகளை வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தாள். வாங்கி நானே ஆக்கினேன். முருங்கையிலை போட்டு, தேங்காய்ப்பால் தடிப்பாக. அடுப்படியில் நின்றது நல்ல சுகமாக இருந்தது. ஆட்கள் திரும்பி வந்ததும் குசினிக் கதவுக்குத் திரை போட்டுவிட்டு உள்ளேயே இருந்தேன்.

அவர்கள் சாப்பிட்டார்கள். விரலைச் சூப்பிச் சாப்பிட்டார்கள் என்று சத்தத்திலேயே தெரிந்தது. ஒரு மனுசி சிங்களத்தில் கேட்டாள், இது யார் சமைத்தது என்று. என் மகள் சிங்களத்தில் சொன்னாள்: "சமைக்க ஒரு அம்மாவை வைத்திருக்கிறோம்."

எனக்குச் சிங்களம் விளங்காது என்று நினைத்தாளா? சிங்களம் புழங்கும் சிலாபத்தில் பிறந்தவள் நான்.

பிறகு நானே எனக்குச் சமாதானம் சொன்னேன். முன்பின் தெரியாத ஆட்களிடம் இத்தாவைப் பற்றி எப்படி விளக்குவாள்? ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பாள். பிள்ளைக்கு வேலை அதிகம். இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டேன். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை.

டிசம்பர் 18, புதன்

இன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து வந்து உட்கார்ந்தார்கள். அப்போதே நினைத்தேன், ஏதோ வருகிறது என்று.

டிசம்பர் 25 வருகிற நத்தார்க் கிழமைக்கு முழு வீட்டையும் கொழும்பு ஆட்கள் கேட்கிறார்களாம். என் அறையில் பாத்றூம் சேர்ந்திருக்கிறதாம், கடல் தெரிகிறதாம். (அந்த பாத்றூமை அவருடைய முழங்கால் வலிக்காகக் கட்டினோம். கடல் தெரிகிறதுக்கு நாங்கள் ஒன்றும் செய்யவில்லை.) நஜாத் ஓமென்று சொல்லிவிட்டான். நான் மாம்புரியில் தம்பி மஸாஹிர் வீட்டில் "நாலஞ்சு நாள்" இருந்துவிட்டு வர வேண்டுமாம்.

"இத்தாவில இருக்கிற பொம்பள வீடு மாறுறதா? வாப்பா மௌத்தான வீட்ட விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்" என்றேன்.

ஷிம்லா அழுதாள். நஜாத் அமைதியாகச் சொன்னான்: "ஹஸ்ரத்துக்கிட்ட கேட்டுப் பாப்போம் மாமி. அவர் கூடாதெண்டா விடுவம்."

கேளுங்கள் என்றேன். எங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத் இந்த விசயத்தில் எவ்வளவு கண்டிப்பான ஆலிம் என்று எனக்குத் தெரியும். நிம்மதியாக இருக்கிறேன்.

டிசம்பர் 20, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து நஜாத் வந்தான். ஹஸ்ரத் போகலாம் என்று சொல்லிவிட்டாராம்.

"என்ன காரணத்துக்கு?"

"மார்க்கத்தில வழி இரிக்காம் மாமி."

ஷிம்லா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் மேலே கேட்கவில்லை. ஆலிம் சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் பெண்பிள்ளை என்ன கதை கதைக்கிறது — இப்படித்தான் வளர்ந்தேன். அலுமாரியைத் திறந்து அவர் உடுத்த இரண்டு சாரத்தையும் என் உடுப்பையும் பையில் வைத்தேன். சாரம் எதற்கு என்று ஷிம்லா கேட்டாள். பையை இழுத்து மூடினேன்.

டிசம்பர் 22, ஞாயிறு — மாம்புரி

நேற்று மதியம் லுஹருக்குப் பிறகு திரை போட்ட வானில் கொண்டுவந்து விட்டார்கள். மஸாஹிர் வாசலிலேயே நின்றான். "ராத்தா, உங்கட வீடுதான் இது" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் என்னுடைய வீடு இது இல்லையே.

சாரா உம்மா தன் அறையையே ஒழித்துக் கொடுத்தா. மஸாஹிரின் பெண்சாதி. என்னைவிட வயது குறைவு, ஆனால் வீட்டில் அவ சொல்வதுதான் சட்டம். ஜன்னலால் பார்த்தால் மிளகாய்த் தோட்டம். கடல் சத்தம் கேட்கிறது, தெரியவில்லை.

இங்கே தொழுகைக்கு நிற்கும் கிப்லாத் திசை கட்டிலுக்குக் குறுக்கே வருகிறது. இன்றைக்கு விடிய எழும்பி இருட்டில் தவறான பக்கம் திரும்பி நின்றேன்.

டிசம்பர் 25

ஷிம்லாவிடமிருந்து போன் வரவில்லை. வேலையாக இருப்பாள்.

டிசம்பர் 27, வெள்ளி

போன் வந்தது. புதுவருசத்துக்கும் ஆட்கள் கேட்டுவிட்டார்களாம். "இன்னும் கொஞ்ச நாள் உம்மா, அங்க உங்களுக்குச் சுகம்தானே?"

சுகம்தான் என்றேன். என்ன வாய் என்னுடைய வாய்!

ஜனவரி 2, வியாழன்

திரும்பவும் போன். இனிப் பொங்கல் லீவும் பௌர்ணமிப் போயாவும் சேர்ந்து வருகிறதாம். அதுவரைக்குமாம்.

சாரா உம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. நான் போனை வைத்ததும், "மதினி, ஒவ்வொரு லீவுக்கும் ஒவ்வொரு கதை சொல்றா உங்கட மகள். நாட்டில லீவுக்கா பஞ்சம்?" என்றா. அவவுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். ஆனால் கணக்குப் பிழையில்லை.

ஜனவரி 6, திங்கள்

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

ஹஸ்ரத்தின் பெண்சாதி நிஃப்லா வந்திருந்தா. அவவின் தாய்வீடு மாம்புரியில்தான். பேரீச்சம்பழம் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தா. கையைப் பிடித்தா. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டா: "இப்ப அந்தப் பயமெல்லாம் எப்பிடி?"

என்ன பயம் என்று கேட்டேன்.

அவ முழித்தா. பிறகு மெல்ல மெல்லச் சொன்னா. நான் இரவில் கத்துகிறேனாம். அவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார் என்கிறேனாம். கதவைத் திறந்துகொண்டு கடலுக்கு ஓடப் பார்த்தேனாம். அந்த அறையில் இருந்தால் புத்தி பேதலித்துவிடும், அதனால்தான் வீடு மாற அனுமதியாம். உயிருக்கு ஆபத்து, பயம் என்றால் மாறலாம், மார்க்கத்தில் அந்த வழி இருக்கிறது. "வியாழக்கிழமை பொம்பிளையள் ஓதக்குள்ள உங்களுக்கும் சேத்து துஆக் கேக்கிறோம்" என்றா.

அதாவது ஊர் முழுக்கத் தெரியும். மர்ஸூக்கின் பெண்சாதிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று.

நான் பேரீச்சம்பழத்துக்கு நன்றி சொன்னேன்.

நஜாத்! அப்பவே நினச்சன், அந்த அமைதியான வாய். "அவர் கூடாதெண்டா விடுவம்" எண்டு சொன்னவன் போய் இதச் சொல்லிட்டு வந்திருக்கான். என்ட வீட்டுச் சோத்தத் திண்டு, என்ட மனுசன்ட போட்ட ஓட்டிக்கொண்டு, என்னப் பைத்தியம் எண்டு சொல்லிட்டான். ஷிம்லாக்கு இது தெரிஞ்சா தாங்கமாட்டா. எப்பிடி அவளுக்குச் சொல்லுவன்?

ஜனவரி 7, செவ்வாய்

ஹஸ்ரத்துக்கு நானே போன் பண்ணினேன். சாரா உம்மா நம்பர் போட்டுத் தந்தா.

என் இத்தா முறிந்துவிட்டதா என்று முதலில் கேட்டேன். எனக்கு அதுதான் பெரிய பயம். இல்லை, அனுமதியோடு மாறியதால் பிழையில்லை என்றார். பிறகு கேட்டேன், நஜாத் உங்களிடம் என்ன சொன்னான் என்று.

"மருமகன் ஒண்டும் சொல்லல்லையே. அவர் பள்ளிக்கு வந்தது நான் சொன்ன பதில எடுக்கத்தான். விசயத்தச் சொன்னது உங்கட மகள். போன்ல ஒரே அழுகை. பெத்த தாயப் பத்தி ஒரு பிள்ள அப்பிடி அழக்குள்ள நான் நம்பாம இரிக்க ஏலுமா?"

ஷிம்லா.

போனை மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்தேன். அவர் அந்தப் பக்கத்தில் கேட்டார்: "ஏன் தங்கச்சி, அது பொய்யா?"

நான் சொன்னேன், "கொஞ்சம் பயம் இருந்திச்சு, ஹஸ்ரத். இப்ப இல்ல."

ஏன் சொன்னேன்? அவளைப் பொய்காரி என்று ஊர் சொல்லக்கூடாது என்றா? பத்து மாதம் சுமந்தவளுடைய வாய் தானாகவே பிள்ளையை மூடி மறைத்துவிட்டது. இப்போது என் வாயாலேயே நான் பைத்தியக்காரி. மகள் வைத்த முடிச்சை நானே இறுக்கிக் கட்டிவிட்டேன்.

பயம் போய்விட்டதென்றால் வீட்டுக்குத் திரும்புங்கள், மிச்ச நாளை அங்கே இருந்து முடிப்பதுதான் சிறந்தது என்றார். அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். திரும்பிப் போவேன்.

ஜனவரி 11, சனி

போனேன்.

இரண்டு நாளாகச் சொல்லி இன்றைக்கு மஸாஹிர் வான் பிடித்தான். சாரா உம்மாவும் வந்தா. சொல்லாமல்தான் போனோம். சொன்னால் இன்னொரு லீவு வரும்.

வாசலில் வான் நின்றது. திரையை விலக்கிப் பார்த்தேன். முற்றம் நிறைய ஆண்கள். கிணற்றடியில் தண்ணீர்க் குழாயைப் பிடித்து ஒருவன்மேல் ஒருவன் அடித்துக்கொண்டு, வெறும் மேலோடு. பாட்டு வேறு. என் ஜன்னலில் யாரோ ஒருவருடைய ஈரத் துவாய்கள், நீச்சல் உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் சாய்ந்து நிற்கிற ஜன்னல்.

நான் எப்படி இறங்குவேன்? வெள்ளைச் சேலையோடு, இத்தாவில் இருக்கிறவள், அத்தனை அந்நிய ஆண்களுக்கு நடுவால்?

ஷிம்லா ஓடிவந்தாள். வான் ஜன்னலில் கை வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்துச் சொன்னாள்: "மாமா, உங்களுக்கு அறிவில்லையா? இத்தாவில இரிக்கிறவங்கள இப்பிடி ரோட்டு ரோட்டாக் கொண்டு திரியிறதா? ஆம்பிளையள் இரிக்கிற இடத்துக்கு?"

சாரா உம்மா வாயைத் திறந்தா. நான் அவவின் தொடையை அழுத்தினேன்.

"ஷிம்லா" என்றேன். "நான் எப்ப கத்தினேன்?"

அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். அதுவரைக்கும் எங்கேயோ ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன், ஹஸ்ரத்துக்குத்தான் ஏதோ பிழையாக விளங்கியிருக்கும் என்று.

"உம்மா, ஆக்கள் பாக்கிறாங்க. பிறகு கதைப்பம்" என்றாள்.

முற்றத்தில் இருந்து ஒருவன் சிங்களத்தில் கேட்டான், யார் அது என்று. அவள் திரும்பி என்ன சொன்னாளோ, பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்காதது நல்லது. மஸாஹிர் வானைத் திருப்பச் சொன்னான்.

எந்தச் சட்டத்தை நான் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தேனோ, அதையே எடுத்து என் முகத்தில் அறைந்துவிட்டாள். அந்தச் சட்டத்துக்குள் இருந்ததால்தான் என்னால் வானைவிட்டு இறங்கவும் முடியவில்லை. இல்லாவிட்டால் இறங்கியிருப்பேன். அந்தத் துவாய்களை ஒவ்வொன்றாக இழுத்து மணலில் போட்டிருப்பேன்.

ஜனவரி 13

மிளகாய் பழுத்துவிட்டது. சாரா உம்மா ஒரு சுளகு நிறையக் கொண்டுவந்து முன்னால் வைத்தா. காம்பு கிள்ளினேன். கண் எரிந்தது. அழுவதற்கு நல்ல சாட்டு.

ஜனவரி 17

ஷிம்லாவிடமிருந்து இரண்டு தரம் போன். எடுக்கவில்லை.

ஜனவரி 22, புதன்

ஷிம்லா நேரில் வந்தாள். தனியாக. கொஞ்சம் மெலிந்திருக்கிறாள், வெயிலில் கறுத்திருக்கிறாள். பார்த்தவுடன் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டேன். பெற்ற வயிறு, அதற்கு வெட்கம் கிடையாது.

காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எனக்கு வேற வழி தெரியல்ல உம்மா. உங்கட மருமகன் ஆக்களுக்கு ஓமெண்டு சொல்லிட்டு வந்திட்டார். ஹஸ்ரத் வேற ஒண்டுக்கும் விடமாட்டார். பயமெண்டாத்தான் ஏலும் எண்டு யாரோ சொன்னாங்க."

"என்னக் கேட்டிருக்கலாமே."

"நீங்க மாட்டேன் எண்டிருப்பீங்க."

ஓம். மாட்டேன் என்றிருப்பேன். அதனால்தானே கேட்டிருக்க வேண்டும்?

இப்போது அறை காலியாம். வந்து மிச்ச நாளை அங்கேயே இருந்து முடிக்கலாமாம். எழும்பிவிட்டேன், உண்மையைச் சொன்னால். பையைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு ஒன்றைக் கேட்டேன். "சுதந்திர தினம் வருது. அந்த லீவுக்கு?"

அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டினாள். "அண்டைக்கு மட்டும் பின்னறையில..."

பையை வைத்துவிட்டேன். கதிரை மேசையைக்கூட ஒரு சீசனில் இத்தனை தரம் நகர்த்த மாட்டார்கள். இனி எங்கே இருக்கிறேனோ அங்கேயே இருந்து முடிக்கிறேன். அவருக்கு விளங்கும்.

பெப்ரவரி 4

தூரத்தில் வெடிச்சத்தம். கரையில் கொண்டாடுகிறார்கள் போல. என் கட்டிலில் இன்றைக்கு யார் படுத்திருக்கிறார்களோ.

பெப்ரவரி 8, சனி

பொழுதுபட்டு மஃரிபோடு இத்தா முடிந்தது. சாரா உம்மா தண்ணீர் சூடாக்கித் தந்தா. குளித்து, அவவின் பச்சைச் சேலை ஒன்றை உடுத்தினேன். பிறகு அவருடைய சாரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன், உங்கள் வீட்டில் இருந்து முடிக்க ஏலாமல் போய்விட்டது என்று.

பெப்ரவரி 10, திங்கள்

இன்றைக்குப் பெண்கள் பார்க்க வந்தார்கள். ஆலங்குடாவில் இருந்து பழைய அயல்வீட்டுக்காரர்கள், ஹஸ்ரத்தின் பெண்சாதி நிஃப்லா, இந்த ஊர்ப் பெண்கள். வீடு நிறைந்துவிட்டது. ஷிம்லாவும் வந்தாள். வட்டிலப்பம், புது அபாயா, வாசலில் வான். என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான். வந்தவர்களுக்கெல்லாம் அவளே தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். "உம்மா இல்லாம வீடே வெறிச்செண்டு கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். போகலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எத்தனை நாளைக்கு இன்னொருத்தியின் அறையில் இருப்பது? பையும் கட்டியிருந்தேன்.

அப்போதுதான் நிஃப்லா எல்லார் முன்னாலும் கேட்டா, அன்பாகத்தான் கேட்டா: "மாஷா அல்லாஹ், முகம் தெளிஞ்சிருக்கு. அந்தப் பயமெல்லாம் இப்ப போயிட்டா?"

கதை நின்றுவிட்டது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பாவமாக, கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிற பார்வை. ஷிம்லா தட்டோடு நின்ற இடத்தில் நின்று என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வாப்பா கேட்கும்போது என்னைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அதற்கு நான் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. நான்தான் உடைத்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.

"எனக்கு ஒரு நாளும் பயம் இருக்கல்ல" என்றேன். "நான் கத்தவுமில்ல, ஓடவுமில்ல. ஹஸ்ரத்துக்கிட்டயும் நான் பொய்தான் சொன்னேன், மகளக் காப்பாத்த. அல்லாஹ் மன்னிக்கட்டும். சீசனுக்கு என்ட அறை தேவைப்பட்டிச்சு. அவ்வளவுதான்."

எல்லாருடைய தலையும் ஷிம்லா பக்கம் திரும்பியது. அவள் தட்டை மேசையில் வைத்தாள். மெதுவாக, சத்தம் வராமல். செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். வான் புறப்படும் சத்தம் கேட்டது. பை என் காலடியில் இருந்தது.

பெண்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். சாரா உம்மா பையைப் பிரித்து உடுப்புகளைத் திரும்பவும் அலுமாரியில் அடுக்கினா.

இரவு இஷா தொழுதுவிட்டு விளக்கை அணைத்தேன், திரும்பவும் போட்டேன். இன்றைக்கு என் அறையில் வந்து படுக்க முடியுமா என்று அவவிடம் கேட்டேன். அவ உடனே தலகணியை எடுத்துக்கொண்டு வந்தா.